காப்பவர், திரும்புபவர், தடுப்பவர்: ‘பழமைவாதி’ என்ற சொல் பற்றிச் சில குறிப்புகள்

நமது விமர்சன எழுத்துகளில் அதிகம் யோசிக்காமல் செலவிடப்படும் சொற்களைப் பட்டியலிட்டால் ‘பழமைவாதி’ என்பது முதல் வரிசையில் வரும். நூல் மதிப்புரை, அஞ்சலிக் குறிப்பு, வெளியீட்டு விழா உரை, அரசியல் பத்தி என எங்கும் இச்சொல் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிறது. மௌலூது ஓதுபவரும் பழமைவாதி, அதை எதிர்ப்பவரும் பழமைவாதி. யாப்பில் எழுதுபவர் பழமைவாதி. முஸ்லிம் தனியார் சட்டத்தில் கைவைக்கக் கூடாது என்பவர் பழமைவாதி. காலமெல்லாம் யானைக்கு வாக்களித்து வந்த எங்களூர்ச் சில்லறைக் கடைக்காரரும் பழமைவாதி. இத்தனை பேரையும் ஒரே சொல் சுமக்குமானால் அது எவரையும் சரியாகச் சுட்டவில்லை என்றே கொள்ள வேண்டும்.

இச்சொல்லையும் அதன் சுற்றத்தாரையும் சற்று வேறுபடுத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். பழமைக்காக வழக்காடும் எண்ணம் எனக்கில்லை. ஆனால் ஒருவரை எதிர்ப்பதென்றாலும் அவர் என்ன சொல்கிறார் என்பது முதலில் விளங்கியிருக்க வேண்டும். விளங்காமல் சூட்டும் பெயர் விமர்சனம் ஆகாது, வசை ஆகும். அதுவும் நமது சமூகத்தில் அண்மைக் காலமாக அந்த வசை வசையோடு நின்றுவிடுவதுமில்லை.

நான்கு ஈறுகள்

இவ்வகைச் சொற்கள் தமிழில் பெரும்பாலும் நான்கு ஈறுகளைக் கொண்டு அமைகின்றன: போக்கு, சாரி, வாதம், பேணல். இவை ஒன்றுக்கொன்று மாற்றாக வழங்கப்பட்டாலும் ஒவ்வொன்றும் வேறொரு படத்தை மனதில் வரைகின்றது.

‘போக்கு’ என்பது நடையைக் குறிப்பது. முற்போக்கு, பிற்போக்கு என்னும்போது வரலாறு ஒரு தெருவாகவும் அதில் செல்லத்தக்க திசை ஒன்றே எனவும் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டு விடுகிறது. எனவேதான் எவரும் தன்னைத் தானே பிற்போக்குவாதி என்று அழைத்துக்கொண்டதில்லை. அது எப்போதும் அடுத்தவரின் பெயர்.

‘சாரி’ என்பது பக்கத்தைக் குறிப்பது. 1789ஆம் ஆண்டு பிரெஞ்சு தேசிய சபையில் மன்னருக்குத் தடுப்பதிகாரம் வேண்டும் என்றோர் தலைவரின் வலப்பக்கமும் வேண்டாம் என்றோர் இடப்பக்கமும் அமர்ந்தனர் என்பதிலிருந்து வலதுசாரியும் இடதுசாரியும் பிறந்தன. இருக்கை வரிசையிலிருந்து வந்த இச்சொல்லில் பழமை என்ற பொருளே கிடையாது. அதிகாரத்தின் ஒழுங்கு யார் பக்கம் என்பதே அதன் கேள்வி. அரபு மொழியும் இந்த அரசியல் வலத்துக்கு ‘யமீன்’ என்றே சொல்லும். வலக்கையால் உண்ணவும் வலக்காலை வைத்துப் பள்ளிவாசலுக்குள் நுழையவும் பழகிய நமது பிள்ளைகளுக்கு ‘வலதுசாரி’ ஏன் குறைச்சொல்லாக ஒலிக்கிறது என்பதை விளக்க நான் வகுப்பில் பலமுறை சிரமப்பட்டிருக்கிறேன்.

‘வாதம்’ கொள்கையைக் குறிப்பது. (நாட்டு வைத்தியரிடம் போனால் பாரிசவாதம் என்று அது நோயின் பெயரும் ஆகும். அந்த நிழலும் இச்சொல்லில் விழுகிறதோ என்று சில வேளை தோன்றும்.) ஒரு வழமையைக் கைக்கொள்ளும் பெரும்பாலானோர் அதற்காக வாதம் எதுவும் புரிவதில்லை. அதில் வாழ்ந்துவிட்டுப் போகிறார்கள். நோன்புக் கஞ்சிக்கு அரிசி கொடுத்து வரும் மூதாட்டிக்குக் கொள்கை விளக்கம் இல்லை. அவரையும், வழமைக்கு நூல் எழுதி அரண் கட்டும் ஒருவரையும் ‘வாதி’ என்று ஒரே தட்டில் வைப்பது நிறுவைக் குற்றம்.

நான்காவதான ‘பேணல்’ நமது எழுத்துகளில் அருகியே வருகிறது. ஆனால் பிறமொழிகளில் இந்த அரசியலுக்கு வழங்கும் பெயருக்கு மிக நெருக்கமானது அதுவே.

காத்தல் என்னும் வேர்

ஆங்கிலேயரின் கொன்சர்வேட்டிவ் கட்சியைத் தமிழ்ப் பத்திரிகைகள் பழமைவாதக் கட்சி என்கின்றன. மூலச்சொல்லில் பழமை இல்லை, இருப்பது காத்தல். பிரான்சில் 1818இல் சத்தோபிரியான் இப்பெயரில் ஓர் இதழ் நடத்தினார். இங்கிலாந்தில் 1830களில் அது கட்சிப் பெயராக நிலைபெற்றது. அதற்கு முன் அவர்கள் ‘டோரி’கள். அது அயர்லாந்தின் காட்டுக் கொள்ளையரைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் எதிரிகள் வசையாகச் சூட்டியதைப் பிறகு அவர்களே சுமந்துகொண்டனர். இச்சிந்தனையின் தந்தையெனக் கருதப்படும் எட்மண்ட் பேர்க், 1790இல் பிரெஞ்சுப் புரட்சியைக் கண்டித்து எழுதியவர். ஆயினும் படிப்படியான திருத்தத்தை ஏற்றுக்கொண்டவர். பழையது பழையது என்பதற்காகவே நல்லது என்று அவர் வாதிடவில்லை. பல தலைமுறை சேர்ந்து கட்டியதை ஒரு தலைமுறை ஒரே இரவில் இடிக்கலாமா என்பதே அவரது கேள்வி. அக்கேள்விக்கு ‘இடிக்கத்தான் வேண்டும்’ எனப் பதில் சொல்லலாம். ஆனால் கேள்வி இன்னதென்பதைத் ‘பழமைவாதம்’ என்ற நமது சொல் மறைத்துவிடுகிறது.

அரபு மொழியில் நிலைமை நமக்கு இன்னும் நெருக்கமானது. அங்கு இவர்களுக்கு ‘முஹாஃபிழ்’ என்று பெயர். குர்ஆனை மனனமிட்ட பிள்ளைகளை நாம் அழைக்கும் ‘ஹாஃபிழ்’ எந்த வேரிலிருந்து வந்ததோ அதே வேர். துருக்கியிலும் இவ்வேரிலிருந்தே ‘முஹாஃபஸகார்’ என்பர். நாசரின் எகிப்து 1960களில் சவூதி போன்ற முடியாட்சிகளை ஏசிய சொல் வேறு: ‘ரஜ்இய்யா’, அதாவது பின்திரும்பல். நமது பிற்போக்குக்கு நேரான சொல் அதுதான். ஈரானில் சீர்திருத்தவாதிகளுக்கு எதிரணியினர் தம்மை ‘உசூல்கரா’, அடிப்படைக் கோட்பாடுகளில் நிற்போர், என்று பெருமையுடன் அழைத்துக்கொள்கின்றனர். நமது அயல்மொழியான சிங்களத்திலோ ‘கதானுகதிக’ என்பார்கள். போனவன் பின்னே போகிறவன் என்று பொருள். மத்ரஸாவில் ஓதியவர்களுக்குத் ‘தக்லீத்’ நினைவுக்கு வரும்.

ஆக, காத்தல், திரும்பல், அடிப்படையில் நிற்றல், பின்தொடர்தல் என நான்கு வினைகள். நாம் நான்கையும் ஒரு பெயருக்குள் அடைத்து வைத்திருக்கிறோம். ஒருமுறை தரம் 11 மாணவர்களிடம் பழமைவாதத்துக்கு எதிர்ச்சொல் கேட்டேன். பலர் புதுமைவாதம் என்றும் சிலர் நவீனவாதம் என்றும் எழுதினர். ஒரு மாணவி மட்டும் ‘மறதி’ என்று எழுதியிருந்தாள். அவளுக்கு முழுப்புள்ளி கொடுத்தேன். முஹாஃபிழ் என்ற சொல்லை அவள் அறிந்திருக்க நியாயமில்லை. ஆனால் அதன் பொருளைத் தொட்டுவிட்டாள்.

முற்போக்கின் கணக்கு

ஈழத்தில் இச்சொற்களுக்கு இலக்கிய வாழ்வு கொடுத்தது முற்போக்கு இயக்கமே. 1954இல் இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் தோன்றியது. 1960களின் தொடக்கத்தில் மரபுப் போராட்டம் நடந்தது. சாதாரண மக்களின் பேச்சுமொழி இலக்கியமாகுமா என்ற வழக்கில் பண்டிதர் சிலர் அம்மொழியை ‘இழிசனர் வழக்கு’ என்றனர். டொமினிக் ஜீவாவும் கே. டானியலும் எழுதிய அந்த மொழிக்காகக் கைலாசபதியும் சிவத்தம்பியும் வாதாடி வென்றனர். கிழக்கிலங்கை முஸ்லிம்களின் பேச்சுத் தமிழைத் துணிந்து எழுதும் உரிமை நமக்கும் அவ்வெற்றியின் பங்காகவே கிடைத்தது. அந்தக் கடனை மறப்பது நன்றிகேடு.

ஆனால் அப்போராட்டத்தின் பக்கவிளைவு ஒன்றுண்டு. ‘மரபு’ என்ற சொல் பண்டிதரின் சொத்தாக எழுதிக் கொடுக்கப்பட்டது. மரபு என்றால் பழமை, பழமை என்றால் பிற்போக்கு என்ற சமன்பாடு உருவாயிற்று. இதற்குள் அடங்காதவர்கள் வேறு பெயர் தேட நேர்ந்தது. 1963இல் முற்போக்கு அணியிலிருந்து பிரிந்த எஸ். பொன்னுத்துரை ‘நற்போக்கு’ என்றார். அவரும் ‘போக்கு’ என்ற ஈற்றை விடவில்லை. திசையை மட்டும் அழித்துத் தரத்தை வைத்தார். மு. தளையசிங்கம் இரு அணிக்கும் வெளியே நின்று எழுதினார். பின்னாளில் மார்க்சியர்களுக்குள்ளேயே ‘வைதீக மார்க்சியம்’ என்ற குற்றச்சாட்டு எழுந்தது. முற்போக்கும் நாளாகினால் தனக்கொரு மரபைச் சமைத்துக்கொண்டு அதைக் காக்கத் தொடங்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

நாட்டின் அரசியலில் இச்சமன்பாடு மேலும் மோசமாக வழுக்கியது. ஐக்கிய தேசியக் கட்சி பிற்போக்கு, ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியும் இடதுசாரிகளும் சேர்ந்த அணி முற்போக்கு என்பது நீண்டகால வாய்பாடு. 1956இல் சிங்களம் மட்டும் சட்டத்தைக் கொண்டுவந்தது முற்போக்கு என்று சொல்லப்பட்ட அரசு. பிற்போக்குக் கட்சியும் அவ்வாண்டுத் தேர்தலுக்கு முன்பே அதே கொள்கைக்கு மாறியிருந்தது. அன்று அதை உறுதியோடு எதிர்த்த இடதுசாரிக் கட்சிகள் 1966 ஜனவரியில், தமிழ்மொழிக்குச் சிறிது இடமளித்த டட்லி அரசின் ஒழுங்குவிதிகளுக்கு எதிராக ஊர்வலம் போயின. பௌத்தத்துக்கு முதன்மை இடம் வழங்கிய 1972 அரசியலமைப்பின் சிற்பி, லங்கா சமசமாஜக் கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா.

சொத்துடைமை பற்றிய கேள்வியில் இடதாக நின்றவர்கள் இனம் பற்றிய கேள்வியில் வலதாக நிற்க முடியும் என்பதே இதன் பாடம். ஒரு மனிதர் எல்லாக் கேள்விகளிலும் ஒரே சாரியில் அமர்வதில்லை. நமது சமூகத்தில் பதியுத்தீன் மஹ்மூத் ‘இஸ்லாமிய சோசலிஸ முன்னணி’ என்று பெயர் வைத்தபோது அந்த இரண்டு சொற்களும் ஒன்றாக நிற்கலாமா என்று இரு பக்கமும் முகம் சுளித்தவர்கள் உண்டு. ஆயினும் அவர் கல்வி அமைச்சராக இருந்த காலத்தில் நியமனம் பெற்ற ஆசிரியர்களிடம் படித்துத்தான் கிழக்கின் பல ஊர்களில் ஒரு தலைமுறை எழுதத் தொடங்கியது.

ஒரு கதை, மூன்று பேர்

இனி நமது கதைகளுக்கு வருவோம். எந்தத் தொகுதியிலும் அப்படியே இல்லாத, ஆனால் பல தொகுதிகளில் சாயல் தெரியும் ஒரு கதையை எடுத்துக்கொள்கிறேன். கடற்கரை ஊரொன்றில் ஓர் உம்மம்மா. ஆண்டுதோறும் கந்தூரிக்குச் சோறாக்கிக் கொடுத்து வந்தவர். கட்டாரிலிருந்து திரும்பிய பேரன் அது பித்அத் என்கிறான். குடி மரைக்கார் ஒருவர். பேத்தி பல்கலைக்கழக விடுதியில் தங்கிப் படிப்பது ஊர் வழமைக்கு ஆகாது என்கிறார். மதிப்புரை எழுதுபவர், ‘பழமைவாதத்தின் கோரப்பிடியில் சிக்கிய சமூகத்தை ஆசிரியர் தோலுரித்துக் காட்டுகிறார்’ என்று முடித்துவிடுவார்.

இந்த மூவரும் ஒருவரல்லர். உம்மம்மா காப்பவர். அவர் காப்பது தன் உம்மாவிடமிருந்து கையோடு கை மாறி வந்த அண்மைப் பழமை. பேரன் திரும்புபவன். அவன் போக விரும்புவது முதல் மூன்று தலைமுறையாகிய ஸலஃபுகளின் காலத்துக்கு. அந்தத் தூரத்துப் பழமைக்காக இடையிலுள்ள நூற்றாண்டுகளைக் கழித்துவிட அவன் தயார். உம்மம்மாவின் கண்ணில் அவன்தான் புதுமைக்காரன், அதில் பிழையுமில்லை. மரைக்கார் தடுப்பவர். அவருக்கு அண்மைப் பழமையும் வேண்டாம், தூரத்துப் பழமையும் வேண்டாம். தனது சொல் செல்லும் இப்போதைய ஏற்பாடு நீடித்தால் போதும். வழமை என்பது அவர் கையில் ஒரு பூட்டு மட்டுமே.

மூவருக்கும் ஒரே பெயர் சூட்டும் விமர்சகர் கதையின் மோதலையே இழந்துவிடுகிறார். அதைவிடப் பெரிய நட்டம், மரைக்காருக்குக் கிடைக்கும் இலாபம். உம்மம்மாவோடும் பேரனோடும் சேர்த்துத் தன்னையும் ‘பழமை’ என்று ஏசும்போது அவர் மார்க்கத்தின் பாதுகாவலராக வேடம் கட்டிக்கொள்ள வசதியாகிவிடுகிறது.

இந்தப் பகுப்பு நமது இலக்கிய வரலாற்றுக்கும் உதவும். சித்தி லெப்பை 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ தொடங்கினார். 1885இல் ‘அசன்பே சரித்திரம்’ எழுதினார். ஆங்கிலக் கல்வியும் பெண்கல்வியும் வேண்டும் என்று ஊரின் எதிர்ப்புக்கிடையே வாதாடினார். எனவே அவர் நவீனவாதி. அதே சித்தி லெப்பை 1897இல் ‘அஸ்ராருல் ஆலம்’ என்ற ஞானநெறி நூலை எழுதினார். இன்றைய அளவுகோலில் அவ்வகையில் அவர் ‘பழமைவாதி’. அவருக்குள் இரண்டு பேர் இருந்ததாக நான் கருதவில்லை. காக்க வேண்டியது எதுவென்று தெரிந்திருந்ததால்தான் மாற்ற வேண்டியதை அவரால் அச்சமின்றி மாற்றச் சொல்ல முடிந்தது.

முஸ்லிம் தனியார் சட்ட விவாதத்திலும் இதே தெளிவின்மை. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க விவாக, விவாகரத்துச் சட்டத்தைத் திருத்துவதற்காக 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் அமைக்கப்பட்ட குழு 2018இல் இரு வேறு நிலைப்பாடுகளோடு அறிக்கை கொடுத்தது. ஒரு சாரார் பழமைவாதிகள் எனப்பட்டனர், மறு சாரார் மேற்கத்தியவாதிகள் எனப்பட்டனர். இருவருமே ஷரீஆவை ஆதாரமாகக் கொண்டே பேசினர் என்பது அந்தக் கூச்சலில் கேட்கவில்லை. அச்சட்டத்தில் மஹரோடு ‘கைக்கூலி’ என்ற நமது தமிழ்ச் சொல்லும் இடம்பெற்றிருக்கிறது. அதன் முன்னோடியான 1806ஆம் ஆண்டின் முஹம்மதிய சட்டக்கோவையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது ஆங்கிலேய ஆட்சி. ஷரீஆ, ஊர் வழமை, காலனித்துவ நிர்வாகம் ஆகிய மூன்றும் கலந்த ஒன்றைக் ‘காக்க’ வேண்டும் என்போரிடம், இந்த மூன்றில் எதைக் காக்கிறீர்கள் என்று கேட்பதே முறையான விமர்சனம். பழமைவாதி என்று ஏசினால் அவர் அக்கேள்விக்குப் பதில் சொல்லாமலே தப்பிவிடுகிறார். காதி நீதிமன்றத்தின் வாசலில் காத்திருக்கும் பெண்ணுக்கு நமது ஏச்சால் எந்தப் பயனுமில்லை.

அடிப்படைவாதம்: ஒரு சொல்லின் விலை

இவ்வரிசையில் மிகவும் ஆபத்தானது ‘அடிப்படைவாதம்’. 1910 முதல் 1915 வரை அமெரிக்கப் புரட்டஸ்தாந்தர் சிலர் தமது விசுவாசத்தின் அடிப்படைகள் பற்றித் தொடர் நூல்கள் வெளியிட்டனர். 1920இல் அவர்களுள் ஒருவர் தம் அணிக்குத் தாமே விரும்பிச் சூட்டிய பெயர்தான் இது. நமக்கு அது வேறொருவர் சூட்டியது. அரபியில் ‘உசூலி’ என்றால் மார்க்கச் சட்டத்தின் மூலவிதிகளைக் கற்றுத் தேர்ந்த அறிஞர், மரியாதைக்குரிய பட்டம். தமிழில் அடிப்படை உரிமை நல்லது, அடிப்படைக் கல்வி நல்லது; ‘வாதம்’ ஒட்டியதும் அடிப்படை குற்றமாகிவிடுகிறது.

2019 ஏப்ரல் 21 தாக்குதல்களுக்குப் பிறகு பழமைவாதம், அடிப்படைவாதம், தீவிரவாதம், பயங்கரவாதம் ஆகிய நான்கும் ஒரே படிக்கட்டின் படிகள் என்பதுபோலப் பேசப்பட்டது. சிங்கள ஊடகங்களில் ‘அந்தவாதி’ என்ற ஒரு சொல்லே போதுமானதாயிற்று. அந்தத் தாக்குதலைச் செய்தவர்கள் நமது உம்மம்மாக்களின் கந்தூரிக்கும் எதிரிகள், உலமாக்களின் மத்ஹபுக்கும் எதிரிகள் என்ற வேறுபாட்டை எடுத்துச் சொல்லப் பொதுவெளியில் நம்மிடம் சொற்கள் இருக்கவில்லை. அச்சொற்களை அதற்கு முன்பே நமது கட்டுரைகளில் நாமே தேய்த்துத் தீர்த்திருந்தோம்.

கவிஞரும் ஆசிரியருமான அஹ்னாஃப் ஜஸீம் 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார். 2017இல் வெளிவந்த அவரது ‘நவரசம்’ கவிதைத் தொகுதி தீவிரவாதத்தைத் தூண்டுகிறது என்று சொல்லப்பட்டது. வன்முறையைக் கண்டிக்கும் கவிதைகள் அத்தொகுதியில் இருந்தன. 2021 டிசம்பரில் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. தமிழ்க் கவிதையொன்றில் பேசுபவர் யார், கண்டிக்கப்படுவது யார் என்ற எளிய வாசிப்பு வேறுபாடு தெரியாமல் போனதற்கு ஒரு மனிதரின் ஒன்றரை ஆண்டுக்கு மேற்பட்ட காலம் சிறையில் கழிந்தது.

அவ்வாசிப்பைச் செய்தவர்கள் நமது விமர்சகர்கள் அல்லர் என்பது உண்மை. ஆனால் நமது மதிப்புரைகளையும் இனிப் பிறர் மொழிபெயர்த்து வாசிப்பார்கள். ஓர் இளம் எழுத்தாளரைப் பிடிக்காத வேகத்தில் ‘அடிப்படைவாதச் சாயல் கொண்டவர்’ என்று ஒரு வரி எழுதுகிறோம். அந்த வரி எங்கே, எந்தக் கோப்பில் போய் அமரும் என்று நாம் யோசிப்பதில்லை. மறுபுறம், ‘முற்போக்கு’ என்று பாராட்டும் ஒரு வரியும் சில ஊர்களில் அப்பெண் கவிஞரை மார்க்கத்தை விட்டவராக ஆக்கிவிடுகிறது. இரு பக்கமும் சொல்லுக்கு விலை இருக்கிறது. அதைச் செலுத்துபவர் சொன்னவர் அல்லர்.

ஆகவே ஒரு படைப்பையோ அரசியலையோ பழமை சார்ந்தது எனக் கருதும்போது மூன்று கேள்விகளையாவது கேட்டுவிட்டு எழுதலாம் என்பது எனது தாழ்மையான முன்மொழிவு. இவர் காப்பது எதை: வழமையையா, மூலத்தையா, தனது இருக்கையையா? யாரிடமிருந்து காக்கிறார்? அந்தக் காவலின் செலவை யார் தருகிறார்? மூன்றாவது கேள்விக்கான பதிலில் ஒரு பெண்ணோ, ஓர் ஏழையோ, ஊரில் குரலற்ற ஒருவரோ வருவாராயின் அங்கு கடுமையாகவே எழுத வேண்டும். அப்போதும், தடுக்கிறார் என்றால் தடுக்கிறார் என்றே எழுதுவோம். எந்தக் கதவை, எந்தச் சாவியால் என்றும் சேர்த்து எழுதுவோம். ‘பழமைவாதி’ என்று எழுதுவதைவிட அதற்கு இரண்டு வரி கூடுதலாகத் தேவைப்படும். இவ்விதழில் அந்த இரண்டு வரிக்கு இடமுண்டு.